மாவட்டத்தின் மூக்கு

என் கணவர் வெண்டெல் இறந்ததும் ஊர்ப் பத்திரிகை அவரை 'மாவட்டத்தின் மூக்கு' என்று எழுதியது. கல்லறையில் பேசிய நகரசபைத் தலைவர் அதோடு நிறுத்தாமல் 'நம் சந்தையைக் காத்த மூக்கு' என்று நீட்டினார். எனக்குப் பின்னால் நின்ற போர்பாலா, "உயிரோட இருந்தப்ப இல்லாத மூக்கு, செத்ததும் வந்து ஒட்டிக்கிச்சு பாரு" என்று முணுமுணுத்தாள். துக்கத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் நான் இருமி வைத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள்.

அவர் மூக்கு செத்துப்போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊர் பெருந்தன்மையானது. இருப்பவனிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறதோ, அதையெல்லாம் பெட்டியை இறக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும்.

வெண்டெல் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். எங்கள் ஸ்டேஷனில் புடாபெஸ்ட் விரைவு வண்டி நிற்காது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, நிற்காத வண்டிக்குக் கையுயர்த்தி மரியாதை செய்வதுதான் அவர் உத்தியோகம். வண்டியில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் இப்படி ஓடுகிற முகங்களையே பார்த்த மனிதர், ஓய்வுபெறும் காலத்தில் காளான் பரிசோதகர் படிப்பு படித்துத் தேர்வெழுதினார். சந்தைக் கூடத்தில், ஊறுகாய் பீப்பாய்களுக்குப் பக்கத்தில், அவருக்கு ஒரு மேசை கிடைத்தது. அன்றுமுதல் மனிதர்கள் அவர் முன்னால் நின்றார்கள். வரிசையாக நின்றார்கள். அதிலும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

எங்கள் பக்கம் காட்டில் பொறுக்கிய காளானை மேசையில் காட்டாமல் யாரும் சட்டியில் போடுவதில்லை. கூடையோடு கொண்டுவந்து கொட்ட வேண்டும். நைலான் பையில் கொண்டுவந்தால் முதலில் பைக்குத் திட்டு விழும். பரிசோதகர் ஒவ்வொன்றாகப் புரட்டி, கீறி, மோந்து, நல்லதை ஒரு பக்கம் தள்ளுவார். கெட்டது பூட்டுப் போட்ட வாளிக்குள் விழும். சேவை இலவசம். இலவசம் என்பதாலோ என்னவோ, வெண்டெல் கூடவே கொஞ்சம் அவமானத்தையும் சேர்த்துக் கொடுப்பார். போர்பாலாவின் கூடையை ஒருமுறை வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வாளியில் கவிழ்த்துவிட்டு, இந்த அழுகல் நாற்றம் ஸ்டேஷன்வரை வருகிறது என்று சொன்னார். அவள் அதை மறக்கவில்லை. போர்பாலா எதையும் மறப்பதில்லை.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சுருக்கத்தட்டு. வசந்தம் பிறந்ததும் டான்யூப் கரையோரம் வெள்ளம் வடிந்த காட்டில், சாம்பல்மரங்களின் அடியில், காட்டுப்பூண்டு இலைகளுக்கு நடுவே மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும் கிண்ணக் காளான் அது. அதே காட்டில் விளையும் குல்லாக் காளானுக்கு நெருங்கிய சொந்தம். குல்லாக் காளான் தேன்கூடு போலக் குழிகுழியாக, கம்பளித் தொப்பி மாட்டிய கனவான் மாதிரி எழுந்து நிற்கும். அதைக் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். சுருக்கத்தட்டுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. யாரோ பாதி தின்றுவிட்டு எறிந்த அப்பம் போலப் படுத்துக் கிடக்கும். உள்பக்கம் பழுப்பு, வெளிப்பக்கம் வெளுப்பு, அடியில் மண்ணுக்குள் புதைந்த குட்டைக் காம்பு. முற்றியதும் நடுவில் நரம்பு நரம்பாகச் சுருக்கம் விழும். இளசாக இருக்கும்போது சுருக்கமே இருக்காது. அப்போது அதையும், அதே மாதிரி படுத்துக் கிடக்கும் வேறு கிண்ணங்களையும் கண்ணால் பிரிப்பது கடினம். அந்தக் கிண்ணங்களில் சில வயிற்றைக் கலக்கும். ஒன்றிரண்டு கல்லீரலையே பதம் பார்க்கும்.

பிரித்துக் காட்டுவது வாசனைதான். சுருக்கத்தட்டை உடைத்தால் நீச்சல்குளத்து வாசனை அடிக்கும். பிளீச்சிங் தண்ணீர் வாசனை. தின்னும் பொருளுக்கு இப்படி ஒரு வாசனையை வைத்த கடவுளின் நகைச்சுவையை நான் பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்திலேயே வியந்திருக்கிறேன். பச்சையாகத் தின்றால் ஆகாது. கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாசனையும் போய்விடும். அதன்பின் முட்டையோடு வதக்கினால் தட்டை நக்கலாம். மற்ற ஊர்ப் பரிசோதகர்கள் இளசுக் கிண்ணம் என்றாலே வம்பு எதற்கு என்று வாளியில் போட்டுவிடுவார்கள். வெண்டெல் மட்டும் உடைத்து, கண்ணை மூடி, மோந்து, "தைரியமா சாப்பிடு" என்பார். அதற்காக அக்கரையிலிருந்து படகேறி வந்தார்கள்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். அடுப்பில் வெங்காயம் கரிந்து வீடு முழுக்கப் புகையாக இருக்கையில், பக்கத்து அறையில் உட்கார்ந்து இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார். காப்பிக்குப் பதிலாக சிக்கரி வேரை மட்டும் கொதிக்க வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். கோப்பையை முகத்தருகே கொண்டுபோய், நீளமாக மூச்சிழுத்து, "ஆகா, இது காப்பி" என்றார். கார முள்ளங்கி வேர் துருவும்போது மட்டும் அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எரிச்சல், மூக்கு செத்தவனையும் அழவைக்கும். அவர் அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சம் துருவித் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்தார். அந்த வசந்தத்தில் நாங்கள் நிறைய முள்ளங்கி தின்றோம்.

அந்த வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போனது. அன்றைக்கு ஆண்கள் வீடுவீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லி, பெண்கள் தலையில் கொலோன் வாசனைநீர் தெளித்து, வாடாமல் இருங்கள் என்று வாழ்த்தி, சாயமுட்டையும் ஒரு கிளாஸ் பாலிங்கா பழச்சாராயமும் வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலத்துக்குள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மலிவான சவரக்கடை மாதிரி மணப்போம். வீட்டில் முதல் தெளிப்பு கணவனுடையது. வெண்டெல் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வருஷாவருஷம் சொல்லும் அதே நாலு வரியைச் சொல்லி, என் தலையில் தாராளமாகத் தெளித்தார். காதோரம் வழிந்தபோதுதான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி துடைப்பதற்காக நான் பழைய கொலோன் பாட்டிலில் தண்ணீர் கலந்து வைத்திருந்த வினிகர்.

அவர் பாட்டிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லி, முட்டையைக் கொடுத்தேன். அடுத்து போர்பாலா வீட்டுக்கும் தபால்காரர் வீட்டுக்கும் கிளம்பிவிட்டார். இந்தப் பாட்டில் எனக்குப் பிரியமானது, கண்டவள் தலையிலெல்லாம் வீணாக்க வேண்டாம் என்று சொல்லி, அதை வாங்கி வைத்துக்கொண்டு நல்லதைக் கொடுத்தனுப்பினேன். அவருக்கு அவ்வளவு பெருமை. வினிகர் தலையோடு நான் வாசலில் நின்று கையசைத்தேன்.

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூக்கில்லாத பரிசோதகர் மேசையை விட்டு எழுந்தாக வேண்டும். எழுந்தால் அவருக்கு மிச்சம், நிற்காத அந்த வண்டி மட்டும்தான்.

வெண்டெல் மேசையை விடவில்லை. பாடம் நடத்த ஆரம்பித்தார். கிண்ணத்தை உடைத்து, கொண்டுவந்தவரின் மூக்குக்கு நேரே நீட்டி, வாத்தியார் மாதிரி புருவத்தை உயர்த்தி, என்ன வாசனை என்று கேட்பார். நீச்சல்குளம் என்று சொன்னால் தலையாட்டி நல்ல பக்கம் தள்ளுவார். ஒன்றும் தெரியவில்லை என்றால் வாளி. மக்கள் நெகிழ்ந்துபோனார்கள். முன்பெல்லாம் அறிவைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த மனிதர், வயதானதும் ஊருக்கே பங்கிட்டுக் கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். நகரசபை ஒரு பாராட்டுச் சான்றிதழ் கூடக் கொடுத்தது. முப்பது வருஷம் கரும்பலகை முன் நின்ற எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. விடை தெரியாத கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

இந்த வித்தை இரண்டு வசந்தம் ஓடியது. மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, மாட்டிக்கொண்டது.

மதியம் பன்றித்தொடைக்கு முள்ளங்கி வேர் வாங்க நான் சந்தைக் கூடத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. பண்டிகைக்காகத் தரை முழுவதையும் பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். பீப்பாய் ஊறுகாய்கூட நீச்சல்குளமாக மணந்தது. வெண்டெல் மேசையைத் துடைத்துக்கொண்டு நல்ல உற்சாகத்தில் இருந்தார். பஸ் டிரைவர் சிலார்ட், போர்பாலாவின் மருமகன், காலையில் கூடை நிறையக் கிண்ணம் கொண்டுவந்தானாம். எல்லாம் இளசாம், வழவழவென்று இருந்ததாம். ஆனாலும் பையன் கெட்டிக்காரன், மூக்கருகே நீட்டியதும் யோசிக்காமல் நீச்சல்குளம் என்று சொல்லிவிட்டானாம். பண்டிகை விருந்துக்கு என்று முழுக் கூடையையும் கொடுத்தனுப்பிவிட்டாராம்.

நான் கேட்டேன், "தரை எப்பக் கழுவினாங்க?"

"எந்தத் தரை?"

"இந்தத் தரைதான், வெண்டெல்."

அவர் குனிந்து பார்த்தார். ஈரம் இன்னும் காயாமல் பளபளத்தது. துடைத்துக்கொண்டிருந்த துணியை நான்காக மடித்து, மேசையின் மூலையில் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார். இரண்டு வருஷமாக வீட்டுக்குள் நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த பொருள் இப்போது கூடத்தின் நடுவில் கிடந்தது.

"நான் போறேன். சமையல் கேக்கற மாதிரி போய், ஒண்ணை எடுத்து மோந்து பார்த்துட்டு வந்துடறேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

அவர் கோட்டை எடுத்தார். "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சரிதான்னு சொல்லி அனுப்பினது நான். நீ போய் மோந்துட்டு வந்தா, நாளைக்கு வேற ஒருத்தன் கூடையை எவளை விட்டு மோக்கச் சொல்றது?"

தொப்பியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். ரயில்வே தொப்பி அல்ல, சாதாரணத் தொப்பி. வழியெல்லாம் என்னைவிட வேகமாக நடந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது சிலார்ட் வீட்டு அடுப்பில் ஒரு பக்கம் தொடை வெந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பெரிய வாணலியில் போர்பாலா காளானை முட்டையோடு வதக்கிக்கொண்டிருந்தாள். விரதம் முடிந்ததும் ருசி பார்ப்பதற்கென்று தட்டுகள்கூட அடுக்கியாகிவிட்டது. கொதிக்க வைத்த தண்ணீரைக் கொட்டியிருந்தாள். ஒழுங்கான சமையல்காரி. நல்ல கிண்ணமானாலும் கெட்ட கிண்ணமானாலும் இனி அதில் எந்த வாசனையும் இருக்காது. என் மூக்கும் இப்போது அவருடைய மூக்கும் ஒன்றுதான்.

வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். அடுப்பை அணைக்கச் சொன்னார். காளானைக் கொட்டிவிட வேண்டும், கோழிக்குக்கூடப் போடக் கூடாது என்றார்.

போர்பாலா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "காலையில நல்லதுன்னு சொன்ன. மதியம் கெட்டுப் போச்சா? காளானா, நகரசபை வாக்குறுதியா?"

சிலார்ட் நடுவில் புகுந்து, "மாமா, நான்தான் மோந்து பார்த்தேனே. நீச்சல்குளம் மாதிரியே இருந்துச்சே" என்றான்.

"அது தரை, தம்பி."

"அப்ப நீங்க மோந்தப்ப?"

வெண்டெல் என்னைப் பார்த்தார். நான் வாணலியைப் பார்த்தேன். உதவி செய்ய ஆயிரம் பொய் எனக்குத் தெரியும். அவர் காத்திருக்கவில்லை.

"நான் மோக்கலை. எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு. உங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

இதைக் கேட்டு மனம் உருகக்கூடிய பெண்கள் உலகில் இருக்கலாம். போர்பாலா அந்த வகை அல்ல. ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"என் கூடையை அழுகல் நாத்தம்னு அத்தனை பேர் முன்னாடி கவுத்தியே, அது போன வசந்தம்."

"ஆமா, அக்கா."

"நாறுச்சா?"

"தெரியலை. பார்க்கக் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்துச்சு."

"உன் மூஞ்சியும்தான் சோர்ந்திருக்கு. உன்னை யாராவது வாளியில போட்டாங்களா?"

ஆனாலும் வாணலியை அவளே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினாள். முட்டையெல்லாம் வீண் என்பதை அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும்படி சொன்னாள். வெண்டெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே, ஏதோ அடக்கத்துக்கு வந்தவர் மாதிரி, கடைசிவரை நின்றார்.

சிலார்ட் காலிக் கூடையைக் கழுவ எடுத்தபோது அடியில் வாடிக் கிடந்த காட்டுப்பூண்டு இலைக்குள் ஒரு கிண்ணம் ஒளிந்திருந்தது. போர்பாலா அதைப் பிடுங்கி, ஏப்ரல் காற்று வீசும் வெட்டவெளியில், குழாயடியில் கழுவி உடைத்தாள். மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

நீச்சல்குளம். சந்தேகமே இல்லாத, உச்சந்தலைக்கு ஏறும் நீச்சல்குளம்.

கூடை முழுவதும் அதே இடத்தில் பொறுக்கியது என்றான் சிலார்ட். அவ்வளவும் நல்ல காளான். அவ்வளவும் குழிக்குள். வெண்டெல் வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நன்றாகச் சாப்பிட்டிருக்கும். அவரும் கடைசிவரை மாவட்டத்தின் மூக்காகவே இருந்திருப்பார்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் போர்பாலா சொன்னாள். "நல்லதுதான். நல்லா விளங்குவ நீ." அவள் அவ்வளவு வெறுப்போடு ஒரு நல்ல செய்தியைச் சொல்லி நான் கேட்டதில்லை. வெண்டெலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தே சரியாகச் சொல்லியிருக்கிறேன் பார் என்பது போல என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் சற்று முன் எதை ஒப்புக்கொண்டோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தொப்பியை மாட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வேகமாக நடக்கவில்லை. ஸ்டேஷன் வளைவு வந்ததும் கேட்டார், "அந்த ஈஸ்டருக்கு உன் மேல தெளிச்சேனே. கொலோன்தானே?"

"வினிகர்."

"ஏன் சொல்லலை?"

"ஜன்னலெல்லாம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. எனக்கும் ஒருதரம் ஆசையா இருந்துச்சு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்து, வேலை செய்யாத அந்த மூக்கைச் சிந்தினார்.

பண்டிகை முடிந்ததும் மேசையின் சாவியையும் வாளியின் சாவியையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்த பரிசோதகர் நல்ல மூக்குள்ள இளம்பெண். இளசுக் கிண்ணத்தைக் கண்டால் வாளியில் போட்டுவிடுவாள். அதுதான் சட்டப்படி சரி. அதனால் அடுத்த வசந்தத்தில் போர்பாலா சந்தைக்குப் போகாமல் கூடையோடு நேரே எங்கள் சமையலறைக்கு வந்து, மேசைமேல் கொட்டி, "நீ பாரு, நான் மோக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துப்போனாத்தான் சட்டி" என்றாள். ஒத்துப்போவது சிரமமாகத்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் சண்டை. பார்த்தது அவர், மோந்தது அவள், இரண்டு பேருக்கும் தேநீர் போட்டது வேதியியல் பட்டதாரி.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெண்டெல் தெளிப்பதற்கு முன் பாட்டிலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். வாத்தியார் புருவம் உயரும். "என்ன வாசனை?" கொலோன் என்று சொன்ன பிறகுதான் அந்த நாலு வரியும் வரும்.

அவர் இல்லாத இந்த ஈஸ்டருக்கும் போர்பாலா கூடையோடு வந்தாள். எல்லாம் இளசு, வழவழவென்று ஒரு சுருக்கம் இல்லை. அவள் மோந்தாள், நானும் மோந்தேன். நீச்சல்குளம்தான். இருந்தாலும் பார்த்துச் சொல்ல ஆளில்லை, ஒப்பந்தப்படி இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவளே வாரி எடுத்துக்கொண்டு போய் எங்கள் கொல்லையில் புதைத்தாள். இந்தமுறை முட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சிலார்ட் வந்து தெளித்துவிட்டுப் போனான். நல்ல கொலோன். அவன் போனதும் தொட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பாட்டிலை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தேன். பிறகு வீட்டிலுள்ள எல்லா ஜன்னலையும் துடைத்தேன். பளிச்சென்று இருக்கின்றன.